அசம்பாவிதம் என்று எழுதினேன்

மணி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி என் அறையில் உட்கார்ந்திருந்தார். கையைத் தொங்கவிட்டால் வலி தெறிக்கிறது என்றார். ஆட்காட்டி விரலின் நுனி போயிருந்தது. கட்டுத் துணியில் மஞ்சள் மருந்து ஊறி, அறை முழுக்க டிங்சர் வாடை. வாசலில் நின்று பார்த்தால், வகுப்பில் ஏதோ கேட்பதற்காகக் கை தூக்கியவர்போலத் தெரிவார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"சார், நான் இங்க இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா. சும்மா உக்காரு."

"சும்மா உக்கார்றதுக்கா ஊட்டாண்ட ஆட்டோ அனுப்பி இட்டாந்தீங்க?"

"ஆமாம்."

"சூப்பர் கம்பெனி சார் இது. வேலை செஞ்சா திட்றீங்க, உக்காந்தா ஆட்டோ அனுப்புறீங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு வருகைப் பதிவேட்டை அவர் முன் நகர்த்தினேன். இடது கையால் கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டார். அதோடு அன்றைய வேலை முடிந்தது. சாயங்காலம் சைரன் ஊதும்வரை அவர் அந்த நாற்காலியில் இருந்தாக வேண்டும். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே.

உட்கார வைத்த காரணம்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் நல அதிகாரியாக இருந்தவன். வண்டிகளுக்கான தகட்டு உதிரிபாகங்களைப் பிரஸ்ஸில் அடித்து எடுக்கிற இடம். தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு, பிறகு தொழிலாளர் சட்டத்தில் ஒரு பட்டயமும் வாங்கியிருந்தேன். அதனால் எல்லோருக்கும் நான் 'தமிழ் சார்'.

எங்கள் வாசலில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே மூன்று ஆணிகளில் தகர எண்களைத் தொங்கவிட்டிருப்போம். தினமும் ஒன்று கூடும். ஒரு விபத்து நடந்தால் மூன்று ஆணியிலும் பூஜ்யம். முந்நூறு நாளைத் தொட்டால் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரஷர் குக்கர் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

மணிக்கு அடிபட்ட அன்று பலகையில் இருநூற்று எண்பத்தெட்டு.

காயம்பட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு வேலைக்கு வர முடியாமல் போனால் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வேலைக்கு வந்துவிட்டால் வேண்டியதில்லை. வந்து என்ன செய்தார் என்று சட்டம் கேட்பதில்லை. ஆகவே அடிபட்டவரை ஆட்டோ வைத்து அழைத்து வந்து உட்கார வைப்போம். பேட்டையில் நாங்கள் மட்டும் கண்டுபிடித்த தந்திரம் அல்ல இது.

தொழிலாளர்களும் இதற்கு உடந்தைதான். டீ நேரத்தில் மணியின் கூட்டாளிகள் என் அறை ஜன்னலில் வந்து நிற்பார்கள்.

"பன்னண்டு நாள் தாங்கு மாமே. குக்கர் வந்தா என் பொண்டாட்டி உன் பேர்லதான் பிரியாணி ஆக்குவா."

"ஆக்கு, ஆக்கு. துன்ன சொல்லோ என் வெரல் கீதான்னு பாத்துத் துன்னு" என்பார் மணி.

இதை எழுதும்போது இரண்டு முறை எழுந்து போய்விட்டேன். ஒரு முறை தண்ணீர் குடிக்க. இன்னொரு முறை எதற்கென்று தெரியவில்லை. பால்கனிவரை போய்த் திரும்பி வந்தேன்.

பூந்தமல்லி வாசகருக்கு

தொழிற்சாலை அறிவிப்புகளைத் தமிழில் எழுதிய அனுபவம் பற்றிச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அதைப் படித்த பூந்தமல்லி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: விபத்து, அசம்பாவிதம் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பத்திரிகையில் இரண்டும் வருகிறதே?

ஐயா, நீங்கள் தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். ஆனால் சரியான ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள்.

அகராதிப்படி சொன்னால், சம்பாவிதம் என்பது நடக்கக்கூடியது. அசம்பாவிதம் என்பது நடக்க வாய்ப்பில்லாதது. வழக்கில் அது நடக்கக்கூடாத கெட்டது என்றாகிவிட்டது. நாளிதழைக் கவனியுங்கள். விபத்து எப்போதும் நடக்கிறது. அதற்கு இடம் உண்டு, நேரம் உண்டு, வண்டி எண் உண்டு. அசம்பாவிதம் பெரும்பாலும் நடப்பதே இல்லை. 'அசம்பாவிதம் ஏதும் நிகழவில்லை', 'அசம்பாவிதத்தைத் தவிர்க்கப் போலீசார் நிறுத்தப்பட்டனர்'. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியிலும் அப்படித்தான் கேட்கும்.

ஆபத்து, வருவதற்கு முன்பு சொல்லும் சொல். அனர்த்தம், விபரீதம் எல்லாம் வந்து போன பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொல்பவை. சுனாமி வந்ததிலிருந்து 'பேரிடர்' என்று அரசாங்க அறிக்கைகளில் புழங்குகிறது. கேட்டால் ஒரு துறையும் அலுவலகமும் கண்ணுக்குத் தெரிகின்றன. எங்கள் பிரஸ் லைனில் இவை எதுவும் கிடையாது. 'அடிபட்டுச்சு', 'கை போச்சு'. அவ்வளவுதான்.

விபத்து என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் 'எப்படி?' என்று கேட்கிறார். அசம்பாவிதம் என்று சொன்னால் 'ஐயோ பாவம்' என்கிறார். 'எப்படி' என்று யாரும் கேட்பதில்லை. வாசகர் கேட்ட வேறுபாடு இதுதான். இதை நான் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நானே எடுத்துக் கொடுத்தது

மணிக்கு அடிபட்ட அன்று ஆலை மேலாளர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"விபத்துன்னு எழுதாதீங்க. வேற நல்ல தமிழ் வார்த்தை இல்லையா? நீங்கதானே எம்.ஏ.?"

அவர் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. என் படிப்பை மதித்து ஒருவர் கேட்டுவிட்டார் என்ற பூரிப்பில் ஒரு நிமிடம் யோசித்து, எழுதிக் காட்டினேன்.

'நான்காம் எண் இயந்திரத்தில் பணியாளர் மணிக்குச் சிறு அசம்பாவிதம் நேர்ந்தது. உற்பத்தி பாதிக்கப்படவில்லை.'

"பிரமாதம்" என்றார் மேலாளர். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது இனி? பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாக்கியத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டோவில் முதலுதவிக்குப் போகும் வழியில் மணி என்னிடம் சொன்னது அது.

"நான் பெடலை மிதிக்கல சார். அடிச்சிட்டு மேல போன பிரஸ்ஸு தானா ரெண்டாவது வாட்டி எறங்குச்சு."

அடிபட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மேலாளர் ஒதுக்கிவிட்டார். நானும் ஒதுக்கினேன். விபத்து என்று பதிந்தால் இயந்திரத்தைப் பூட்டிப் பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்பது எங்கள் விதி. அசம்பாவிதத்துக்கு விதி எதுவும் இல்லை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

சில நாட்களில் அந்தச் சொல் லைனுக்குள் இறங்கி, 'அசம்பா' என்று சுருங்கிவிட்டது. "இன்னா நைனா, கைல பிளாஸ்திரி? அசம்பாவா?" என்று கேட்டுக்கொள்வார்கள். நான் நாட்டுக்கு ஒரு புதுச் சொல் கொடுத்துவிட்டதாக நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எட்டாம் நாள்

மணி என் அறையில் உட்கார்ந்திருந்ததால் நான்காம் எண் இயந்திரத்துக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. லூர்துசாமியைப் போட்டார்கள். வெள்ளானூர்க்காரர். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியது லூர்துதான். அப்போது முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து சில மாதங்கள்.

எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் பிரஸ்களின் அதிர்வு காலில் தெரியும். மேஜையில் இருக்கும் தம்ளர் தண்ணீரில் ஓயாமல் வட்டம் விழும். எட்டாம் நாள் காலை, டீ நேரத்துக்குச் சற்று முன்பு, தண்ணீர் அசையாமல் நின்றது. நான் எழுந்துவிட்டேன். மணியும் எழுந்துவிட்டார். கட்டுப் போட்ட கையோடு எனக்கு முன்னால் அவர்தான் ஓடினார்.

லூர்துவின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர நான்கு விரல்களும் போய்விட்டன.

இதை மறைக்க முடியாது. எந்த நாற்காலியிலும் உட்கார வைக்க முடியாது. வாசலில் எண்களைக் கழற்றிவிட்டுப் பூஜ்யங்களை மாட்டினார்கள்.

அன்று மாலை நான்காம் எண் இயந்திரத்தைப் பிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். கிளட்சில், பெடலை மிதிக்கும்வரை பிரஸ்ஸை மேலேயே நிறுத்திவைக்கிற ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடந்தது. உடைந்த இடம் புதிதாக இல்லை. துருப்பிடித்திருந்தது. ஃபிட்டர் அதை உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார். மேலாளர் அவரிடம், "வெளியில பேச வேணாம்" என்றார். புது ஸ்பிரிங் மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கட்டிலருகே

விபத்து அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மறுநாள் காலை அதை நிரப்புவதற்காக மருத்துவமனைக்குப் போனேன். லூர்துவின் மனைவி ஸ்டெல்லா பால் வாங்கக் கீழே போயிருந்தார். லூர்து அரை மயக்கத்தில் இருந்தார். உதடு வெடித்திருந்தது.

"எப்படி ஆச்சு லூர்து?"

"தெரியல சார். கை உள்ள இருந்துச்சு. அப்பால பாத்தா கீய உக்காந்துகினு இருந்தேன். நடுவுல ஒண்ணும் ஞாபகம் இல்ல."

அந்த நடுவுக்குள் நான் நுழைந்தேன். அடிபட்டதற்கு முந்தைய இரவு வெள்ளானூர் மாதா கோயிலில் தேர்ப் பவனி என்று எனக்குத் தெரியும். லூர்துவே விடுப்புக் கேட்டு வந்திருந்தார். நான்தான் மறுத்திருந்தேன்.

"முந்தாநாள் ராத்திரி உங்க ஊர்ல தேராச்சே. தூக்கம் இருந்திருக்காது."

"ஆமா சார். ஊரே முயிச்சிகினு இருந்துச்சு."

"அப்ப மிஷின்ல கண் அசந்திருப்பே."

அவர் யோசித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படித்தான் இருக்கும் சார். நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்."

நான் எழுதினேன்: 'பணியின்போது கண் அயர்ந்தமையால் கையை உரிய நேரத்தில் எடுக்கத் தவறிவிட்டேன்.' நல்ல வாக்கியம். பிழை இல்லாத வாக்கியம். வாசித்துக் காட்டினேன். இடது கட்டைவிரலை மையில் தோய்த்து நானே பிடித்து ஒற்றினேன்.

நஷ்டஈடு முறைப்படி கிடைத்தது. அதைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. நான் அவரிடமிருந்து எடுத்தது வேறு.

அதே வாரம் மணியை ஓசூர்க் கிளைக்கு மாற்றினோம், சின்னதாக ஒரு பதவி உயர்வோடு. அந்த ஆணையை எழுதியதும் நான்தான். பிறகு மணியை நான் பார்க்கவே இல்லை.

பலகையடியில்

சில மாதங்கள் கழித்து லூர்து வேலைக்குத் திரும்பினார். வாசலில் இலகுவான வேலை. தினமும் காலையில் அந்தப் பச்சைப் பலகையில் எண் மாற்றுவது அவர் பொறுப்பு. தகர எண்ணைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடது கையால் பழையதைக் கழற்றி, புதியதை மாட்டுவார்.

"லூர்து அண்ணாத்தே, தூங்காம மாத்து!" என்று உள்ளே வருகிறவர்கள் கத்துவார்கள்.

"முயிச்சிகினுதான்டா கீறேன்" என்று அவரும் சிரிப்பார்.

ஜன்னல் வழியாக இது எனக்குக் கேட்கும். வருடக்கணக்கில் கேட்டது. ஒரு நாள்கூட நான் வெளியே போய், 'அப்படிச் சொல்லாதீங்கப்பா' என்று சொன்னதில்லை.

காலியாக இருந்த இருக்கை

ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயிலில் குடியேறி நாளாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்பு பூந்தமல்லியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஆவடி பஸ்ஸில் ஏறினேன். மத்தியானம். பஸ்ஸில் கூட்டமே இல்லை. மெட்ரோ தூண்களின் நிழல் ஒவ்வொன்றாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் மட்டும் இடது கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்திலேயே இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது.

"சார்! தமிழ் சார்தானே? நான் லூர்து சார்!"

முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

"நீங்களும் உக்காருங்க லூர்து."

"வாணாம் சார். உக்காந்தா தூங்கிடுவேன். என் கதைதான் உங்களுக்கே தெரியுமே."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் ஏதோ முகத்தை வைத்துக்கொண்டேன். ஆவடி வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லையாம். கோயிலில் பிரசங்கத்தின்போது பின்னால் போய் நின்றுகொள்வாராம். பெண் கல்யாணமாகிப் பட்டாபிராமில் இருக்கிறாளாம்.

"அடிபட்டப்பறம் அவள மடியில வெச்சிகினதே இல்ல சார். ஸ்டெல்லா குடுப்பா, நான் வாங்க மாட்டேன். அசந்து போட்டுட்டா இன்னா பண்றது? நம்ம ஒடம்ப நம்ம நம்ப முடியாதுன்னு ஒரு வாட்டி தெரிஞ்சிபோச்சுல்ல?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆவடியில் இறங்கி, கை ஆட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் நடந்தேன். அன்றிலிருந்து ஒரு இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. இந்தத் தொடருக்கு அந்த வாரம் எழுத நினைத்திருந்தது வேறு. நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். வாசகர் கடிதம் வந்ததும் பதிலையும் எழுதிக் கிழித்தேன். லூர்துவிடம் சொல்லாமல் உங்களிடம் சொன்னால் அது இன்னொரு அறிக்கையாகிவிடும். இன்னும் கொஞ்சம் நல்ல தமிழில்.

வெள்ளானூர்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன். சுற்றிலும் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். பாதி கட்டிய வீடுகள். லூர்துவின் வீடு இரண்டு அறை, தளம் போட்டது. பின்பக்கம் ஸ்டெல்லா மீன் கழுவிக்கொண்டிருந்தார். செதில் சுரண்டும் சத்தம் கேட்டது. லூர்து எனக்கு டீ வாங்கி வரப் புறப்பட்டார். வேண்டாம் என்றேன். நின்றார்.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

"லூர்து, அன்னிக்கு நீங்க தூங்கல."

"இன்னா சார்?"

"மிஷின் தானா எறங்குச்சு. கிளட்சுல ஸ்பிரிங் உடைஞ்சிருந்துது. நான் என் கண்ணால பாத்தேன்."

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். காது சரியாகக் கேட்காதவர்கள் நிற்பதுபோல.

"மணிக்கு வெரல் போச்சே, அதுவும் அந்த மிஷின்தானே?"

"அதே மிஷின். எட்டு நாளுக்கு முன்னாடி."

"அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். மணி எங்கிட்ட சொன்னாரு. நான் விபத்துன்னு எழுதியிருந்தா மிஷினைப் பூட்டியிருப்பாங்க. நீங்க அதுல நின்னிருக்க மாட்டீங்க. நான் எழுதல."

"ஆஸ்பத்திரிக்கு வந்து, தூங்கிட்டேன்னு சொன்னீங்களே?"

"நானா கட்டிச் சொன்னது."

மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். பாதியில் கை காட்டி நிறுத்தினார். கோபத்தில் இல்லை. வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர், நடுவில் பேசுகிறவரை நிறுத்துவதுபோல.

"அப்போ நான் தூங்கவே இல்லியா சார்?"

"இல்ல."

"ஸ்டெல்லா!" என்று கத்தினார். "இங்க வாம்மே!"

ஸ்டெல்லா முழங்கைவரை செதிலோடு வந்து நின்றார்.

"நான் அன்னிக்கி மிஷின்ல தூங்கலியாம்மே. சார் சொல்றாரு."

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. கணவரையே பார்த்தார்.

"இத்த சொல்ல இவுரு வரணுமா? நான் எத்தினி வாட்டி சொன்னேன்யா உனக்கு? மொத நாள் நைட்டு நீ தேரே பாக்கல. ஏயு மணிக்குத் துன்னுட்டுப் படுத்தவன் விடிஞ்சப்புறம்தான் எய்ந்த. ஊரே முயிச்சிகினு இருந்துச்சு, வேட்டு போட்றாங்க, நீ கொறட்டை வுட்டுகினு கெடந்த. தூங்காத ஆளா நீ? சொன்னா இன்னா சொல்லுவ? 'சார் படிச்சவரு, அவரு ஏம்மே பொய் சொல்லப் போறாரு.' கூட இருந்தவ நான். எம் பேச்ச ஒரு நாளு நம்புனியா நீ?"

லூர்து விரல்கள் இல்லாத கையால் கன்னத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை குறையவில்லை.

"சார், நீங்க கெளம்புங்க. நான் இவகிட்ட பேசணும்."

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொள்ள எனக்கு நேரமானது. முதுமை. உள்ளே பேச்சு தொடங்கிவிட்டது. அதில் நான் இல்லை.

"பாப்பா கொயந்தையா இருக்க சொல்லோ..." என்று லூர்து ஆரம்பித்தது மட்டும் கேட்டது. மிச்சத்தைக் கேட்க எனக்கு உரிமையில்லை. இரண்டாவது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.